பால் பைத்தான் எடை: தராசு பாதி, முதுகெலும்பு பாதி

"ஒரு வயசாச்சு, 400 கிராம்தான் இருக்கு, கம்மியா?" காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பால் பைத்தான் (Ball python, பந்து மாதிரி சுருண்டுக்குற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளக்குறவங்ககிட்ட பேசுனா மொதல்ல வர்ற கவலை இதுதான். கம்மி இல்லைங்க. முட்டைலேருந்து வரும்போது 50லேருந்து 80 கிராம்தான் இருக்கும், ஒரு வருஷத்துல 300லேருந்து 600க்குள்ள எங்க நின்னாலும் சரிதான். பெருசானப்புறம் ஆண் பெரும்பாலும் ஒன்றரை கிலோவுக்குள்ள நின்னுடும், பெண் ஒன்றரைலேருந்து ரெண்டு கிலோ, சிலது அதுக்கும் மேல போகும். அந்த அளவுக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும், ஆகட்டும், இருபது முப்பது வருஷம் வாழப்போற உசுரு அது.

எடை பாக்க கிச்சன்ல வைக்கிற டிஜிட்டல் தராசு போதும், 1 கிராம் வரைக்கும் காட்டணும். மூடி போட்ட டப்பாவ வச்சு சைபர் ஆக்கிட்டு பாம்ப உள்ள விடுங்க. எப்ப பாக்குறோம்ங்கறதுதான் முக்கியம், எலி தின்ன மறுநாள் பாத்துட்டு ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படுறதும், கழிவு போனப்புறம் பாத்துட்டு எறங்கிடுச்சேன்னு பதறுறதும் ரெண்டுமே வேண்டாம். எப்பவும் ஒரே கட்டத்துல பாத்தாதான் ஒப்பிட முடியும்: மாசம் ஒரு தடவ, கழிவு போனதுக்கப்புறம், அடுத்த சாப்பாட்டுக்கு முன்னாடி. தின்னு ரெண்டு நாளைக்கு தூக்கவே கூடாது, கக்கிடும். ஒரு நோட்டு போட்டு தேதி, எடை, குடுத்த எலியோட எடை, சட்டை உரிச்ச நாள் எல்லாம் எழுதி வைங்க.

ஆனா நம்பர் மட்டும் பத்தாது. ஒரே 1200 கிராம் ஒரு பாம்புக்கு சரியா இருக்கும், இன்னொன்னுக்கு கொழுப்பா இருக்கும். அதனால கைய வச்சு தடவிப் பாக்கணும். நல்லா இருக்குற பாம்போட உடம்பு குறுக்குவாட்டுல முனை மழுங்குன முக்கோணம் மாதிரி இருக்கும், முதுகெலும்பு கைக்கு லேசா தெரியும். எலும்பு கூரா துருத்திக்கிட்டு, பக்கத்து தோல் மடிஞ்சு தொங்குனா இளைச்சிருக்கு. முழு உருண்டையாகி, முதுகு நடுவுல பள்ளம் விழுந்து, நேரா நீட்டிப் படுத்திருக்கும்போதே செதிலுக்கு நடுவுல தோல் தெரிஞ்சா கொழுத்துப்போச்சு. நான் பாத்த வரைக்கும் வீட்டுல வளர்ற பெரிய பாம்புல இந்த ரெண்டாவதுதான் ஜாஸ்தி. நம்ம ஊர்ல பாசத்த சாப்பாட்டுலதான காட்டுவோம், வர்ற ஆச்சி எல்லாம் "ஏம்ப்பா இளைச்சாப்ல இருக்கு, இன்னொரு எலி போடேன்"ன்னுதான் சொல்வாங்க. கானா, டோகோ, பெனின் பக்கத்துக் காட்டுல இது வளைக்குள்ள சும்மா கிடந்து கெடச்சப்ப தின்னுற ஜாதி, வாராவாரம் விருந்து வச்சா கல்லீரல்ல கொழுப்பு சேந்துடும்.

எவ்வளவு குடுக்கலாம்? ஒரு வயசு இல்லாட்டி 500 கிராம் வரைக்கும் பாம்போட எடைல 10லேருந்து 15 சதவீதம் இருக்குற எலி, வாரம் ஒரு தடவ. அதுக்கப்புறம் 5லேருந்து 7 சதவீதம், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. வளந்து முடிஞ்ச ஒன்றரை கிலோ பாம்புக்கு 75 கிராம் எலி, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ, அவ்வளவுதான். ஃப்ரீசர்ல வச்சு உருக்குன எலியே குடுங்க, உசுரோட விட்டா எலி திருப்பிக் கடிச்சுடும். இளைச்ச பாம்பத் தேத்தணும்னு பெரிய எலியா போடாதீங்க, சின்ன எலியா சரியான இடைவெளில குடுத்தா மெதுவா ஏறும். கொழுத்ததுக்கு திடீர்னு பட்டினி போடாம எலிய சின்னதாக்கி இடைவெளிய கூட்டுங்க, ஏறி எறங்க ஒரு கிளையும் வைங்க.

வளர்ச்சி நின்னுபோச்சுன்னா எலிய மாத்துறதுக்கு முன்னாடி சூட்டப் பாருங்க. பெட்டியோட சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளுந்த பக்கம் 25லேருந்து 27. கார்த்திகை மார்கழில ராத்திரி குளுந்துட்டா தின்னது செரிக்காது, ஹீட் மேட் (சூடு குடுக்குற விரிப்பு) வேணும், தெர்மோஸ்டாட் (சூட்ட அளவா நிறுத்துற கருவி) இல்லாம போடவே கூடாது. சித்திரை வைகாசில நம்ம பிரச்சனை தலைகீழ், மாடி ரூம்ல வச்சீங்கன்னா மத்தியானம் 35 தாண்டிடும், அது உசுருக்கே ஆபத்து, அதனால கெட்டிச் சுவரும் ஆத்தங்குடி கல்லும் இருக்குற உள் ரூமுக்கு பெட்டிய மாத்திடுங்க. காத்து வறண்டு போற நாள்ல தேங்காநார் தூள நனைச்சுப் பரப்புனா ஈரம் நிக்கும்.

பெரிய ஆண் பாம்பு குளுருக்கு மாசக்கணக்குல தின்னாம இருக்கும், எடை பெருசா எறங்கலன்னா விட்டுடுங்க. 10 சதவீதத்துக்கு மேல எறங்குனாலோ, குட்டி தொடர்ந்து தின்னலன்னாலோ, வாயத் தொறந்து மூச்சு விட்டாலோ டாக்டர்கிட்ட போயிடணும். இன்னொண்ணு, 2024 விதிப்படி பால் பைத்தான மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணியிருக்கணும், நம்ம ஊர் மலைப்பாம்ப வீட்டுல வைக்கிறது சட்டப்படி குத்தம். ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, பாம்பு பாக்குற டாக்டர் இருக்காரான்னு போன்ல கேட்டுட்டுக் கிளம்புங்க, போகும்போது அந்த எடை நோட்டையும், புதுசா போன கழிவ ஒரு சின்ன டப்பால போட்டும் எடுத்துட்டுப் போங்க, வயித்துல புழு இருக்கான்னு அதுலதான் தெரியும்.