பேக்கன் சுற்றிய கெர்கின்: மொறுமொறுப்பைக் கெடுக்கும் தவறுகள்

பேக்கன் சுற்றிய கெர்கின் ஊறுகாய் பார்ப்பதற்கு மிகச் சுலபமான பண்டம். வினிகரில் ஊறிய சிறு வெள்ளரிதான் கெர்கின்; அதைச் சுற்றும் பேக்கன், உப்பில் பதப்படுத்திய இறைச்சித் துண்டு, பெரும்பாலும் பன்றி. பாட்டிலைத் திறந்து, காயை எடுத்து, பேக்கனைச் சுருட்டி, ஓவனுக்குள் தள்ளினால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கோலாலம்பூரில் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கும் இதைச் செய்து பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: ஓரம் கருகிவிட்டது, உள்பக்கம் கொழுப்பு வெள்ளையாக வழவழவென்று இருக்கிறது, தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. உடனே பேக்கன் சரியில்லை, ஓவன் சரியில்லை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் பழி தண்ணீரைத்தான் சேரும்.

வெள்ளரிக்காயின் எடையில் சுமார் 95 விழுக்காடு நீர். உப்பிலும் வினிகரிலும் ஊறிய பிறகும் அது 90 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கும். இறைச்சி பொன்னிறமாகி மணம் வர வேண்டுமானால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது; வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அப்படியென்றால் ஈரமான கெர்கினைச் சுற்றிய பேக்கன் வறுபடுவதில்லை. இட்லிச் சட்டியில் வைத்த மாதிரி உள்ளிருந்து அவிகிறது. இது புரிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் தவறுகள் பலவற்றுக்கும் காரணம் தானாகத் தெரிந்துவிடும்.

காயை ஈரத்தோடு சுருட்டுவது

பாட்டிலிலிருந்து எடுத்த காயை ஒருமுறை உதறிவிட்டு அப்படியே சுருட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காயை எடுத்ததும் கெட்டியான டிஷ்யூவில் பரப்பி, மேலே இன்னொரு டிஷ்யூ போட்டு மெல்ல அழுத்துங்கள். 15 நிமிடம் கழித்து டிஷ்யூவை மாற்றுங்கள். நேரம் இருந்தால் மூடாமல் ஐஸ் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். அந்தக் குளிர்ந்த காற்று தோலை நன்றாக உலர்த்தும். பெரிய காயை நீளவாக்கில் நான்காக வெட்டினால் வெட்டிய பக்கத்திலிருந்து இன்னும் நீர் கசியும். ஆகவே வெட்டிய பிறகுதான் உலர்த்த வேண்டும், உலர்த்திவிட்டு வெட்டக்கூடாது. நடுவில் இருக்கும் விதைப் பகுதிதான் நீரின் இருப்பிடம். சின்னக் கரண்டியால் அதை வழித்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சிலர் உப்பு அதிகம் என்று காயைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். வேண்டாம். உப்பு கொஞ்சம் வெளியேறும், ஆனால் அதற்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். உப்பைக் குறைக்க வேண்டுமென்றால் உப்புக் குறைவான பேக்கனை வாங்குங்கள். இரண்டுமே உப்பில் ஊறியவை என்பதால் மேலே தனியாக உப்புத் தூவவே கூடாது.

இனி, எந்தக் காய்? நம் வீட்டு மாங்காய் ஊறுகாயோ எலுமிச்சை ஊறுகாயோ இதற்குச் சரிப்படாது. அதில் இருக்கும் மிளகாய்த்தூள் எண்ணெயோடு சேர்ந்து சீக்கிரம் கருகிக் கசந்துவிடும். பினாங்கு நியோன்யா அச்சாரையும் உள்ளே வைக்காதீர்கள். அதில் சர்க்கரை இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது, காயெல்லாம் சிறு துண்டுகள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ள அது மிக அருமை. உள்ளே வைக்க வினிகரில் ஊறிய, இனிப்பு இல்லாத கெர்கின்தான் வேண்டும். பேரங்காடியில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் விளைந்த நாடு இந்தியா என்று சிலவற்றில் இருக்கும். 1990களில் ஏற்றுமதிக்கென்று கர்நாடகத்தில் தொடங்கிய கெர்கின் சாகுபடி, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. பாட்டிலில் கால்சியம் குளோரைடு என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். காய் மெத்துப்போகாமல் கெட்டியாக இருக்கச் சேர்ப்பது அது. இந்தப் பண்டத்துக்கு நல்லதுதான். வினிகரின் புளிப்பும் அப்படித்தான். காயின் திசுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. சாதாரண வெள்ளரி 200 டிகிரியில் கூழாகிவிடும் நேரத்தில் கெர்கின் கடிபடும் பதத்தில் நிற்பது அதனால்தான்.

வீட்டிலேயே ஊறவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சந்தையில் கிடைக்கும் பருத்த தீமூன் காயில் விதையும் நீரும் அதிகம். ஒல்லியான ஜப்பானிய வெள்ளரியை எடுங்கள். பூ இருந்த முனையைச் சிறிது நறுக்கி எறிந்துவிடுங்கள், காயை மெத்துப்போக வைக்கும் நொதிகள் அங்கேதான் இருக்கின்றன. மணத்துக்குப் பூண்டும் சதகுப்பை விதையும் போதும்.

பேக்கனைத் தேர்வதும் சுருட்டுவதும்

தடித்த பேக்கன் கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் கொழுப்பு உருகி முடிவதற்குள் உள்ளே இருக்கும் காய் வாடிவிடும். மெல்லிய ஸ்டிரீக்கி பேக்கன், அதாவது வயிற்றுப் பகுதி இறைச்சியில் கொழுப்பும் சதையும் வரிவரியாக ஓடுவது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முதுகுப் பகுதியில் எடுக்கும் பேக் பேக்கனில் கொழுப்பு குறைவு. அது வேகும், மொறுமொறுக்காது. உருகி ஓடும் கொழுப்பிலேயே பேக்கன் பொரிவதால்தான் முறுகல் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். தடித்தது மட்டும்தான் வீட்டில் இருக்கிறதா? சுருட்டுவதற்கு முன் 5, 6 நிமிடம் மட்டும் ஓவனில் வாட்டி, வளையும் பதத்திலேயே எடுத்து, ஆறவிட்டுச் சுருட்டுங்கள்.

உறைந்த பாக்கெட்டை மேசைமேல் வைத்துக் கரையவிடுவது நம் ஊர் வெக்கைக்கு ஆபத்து. முந்தைய நாள் இரவே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். கரைந்ததும் பேக்கனையும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். எடை கூட்ட நீர் ஏற்றிய பேக்கன் சூடானதும் வெள்ளையாக நுரைத்துக் கசியும், அதற்கும் இந்த ஒற்றல் உதவும்.

சுருட்டும்போது ஒரே அடுக்காகச் சுருட்டுங்கள். விளிம்புகள் மயிரிழை அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போதும். முழு நீளத் துண்டைச் சிறிய காயில் மூன்று சுற்றுச் சுற்றினால் வெளிச்சுற்று மட்டும்தான் வறுபடும், மற்ற இரண்டும் பச்சையாக அவிந்து கிடக்கும். விரல் நீளக் காய்க்குப் பாதித் துண்டே தாராளம். இழுத்துக் கட்டுவதும் தவறு. பேக்கன் சூட்டில் நன்றாகச் சுருங்கும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் கிழியும், அல்லது காயைப் பிழிந்து நீரை வெளியே தள்ளிவிடும்.

பல்குச்சியைக் காயின் நடுவே ஊடுருவக் குத்துபவர்கள் அதிகம். அந்த ஓட்டை வழியே சாறு வழியும். முனையை மட்டும் மேலாகப் பிடித்துக் குத்தினால் போதும், அல்லது குச்சியே வேண்டாம்: முனை அடிப்பக்கம் வருமாறு அடுக்கினால் முதல் சில நிமிடங்களில் பேக்கன் தானாக ஒட்டிக்கொள்ளும். குச்சி வைத்தே ஆக வேண்டுமென்றால் சாத்தே குத்தும் லீடிக் குச்சியை ஊறவைப்பதுபோல அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

சூடு, இடைவெளி, சர்க்கரை

சீக்கிரம் மொறுமொறுக்கட்டும் என்று 230 டிகிரிக்கு ஏற்றினால் வெளிப்பக்கம் கருகும், கொழுப்பு உருகியிருக்காது. 160இல் வைத்தால் நேரம் இழுத்து, காயிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். ஓவனில் 200 டிகிரி, 25 முதல் 30 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிவிடுதல். ஏர் ஃபிரையரில் 190 டிகிரி, 12 முதல் 15 நிமிடம். ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே கடைசி 5 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். நிறத்தை மட்டும் வைத்து வெந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். பேக்கனைப் பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு சதையின் இளஞ்சிவப்பை வெந்த பின்னும் தக்கவைத்திருக்கும். கொழுப்பு கண்ணாடிபோல் தெளிந்து, ஓரம் நுரைப்பது அடங்கினால் ஆகிவிட்டது.

வெறும் தட்டில் வைப்பதைவிடக் கம்பிவலைத் தட்டின்மேல் வைப்பது எவ்வளவோ மேல். உருகிய கொழுப்பும் நீரும் கீழே சொட்டும், காற்று அடியிலும் புகும். கீழ்த்தட்டில் அலுமினியத் தாளை விரித்தால் அதன்மேல் பேக்கிங் தாளையும் போடுங்கள். வினிகரும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். துண்டுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஏர் ஃபிரையர் கூடையை நிரப்பிவிட்டு "ஏன் மொறுமொறுக்கவில்லை?" என்று கேட்பதில் பயனில்லை, அங்கே காற்று ஓட இடமே இல்லை. இரண்டு தடவையாகச் செய்யுங்கள். கூடைக்குக் கீழே தேங்கும் கொழுப்பு புகையும் என்பதால், முதல் தடவை முடிந்ததும் அதை வடித்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

குலா மலாக்கா, அதாவது தென்னை வெல்லம், பூசிய பேக்கன் ருசிக்கு ஈடு இல்லை, அதை நான் மனமாரச் சொல்வேன். ஆனால் தொடக்கத்திலேயே பூசினால் கருகிக் கசக்கும். கடைசி 4, 5 நிமிடத்தில் மெல்லிய ஒரு பூச்சு, அவ்வளவுதான். கிரீம் சீஸ் அடைப்பவர்கள் அடைத்த காயை 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்துவிட்டுச் சுருட்டினால் சீஸ் வழிவது வெகுவாகக் குறையும்.

பேக்கனுக்கு மேலே மாவு பூசி எண்ணெயில் பொரிக்கும் பழக்கமும் இருக்கிறது. மாவில் தோய்த்த கெர்கின் பொரியலை அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில், அட்கின்ஸ் என்ற சிற்றூரில், 1963இல் பெர்னெல் ஆஸ்டின் என்பவர் தம் டச்சஸ் டிரைவ் இன் கடையில் விற்றுப் புகழ்பெறச் செய்தார். அது வேறு பண்டம்: வட்டமாக நறுக்கிய காய், மேலே மாவு மட்டும். பேக்கன் சுற்றியதற்கு மாவு வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் கொதிக்கும் எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும், மாவுக்குக் கீழே பேக்கனும் மெத்தென்று நின்றுவிடும்.

விருந்து மேசையில்

நம் ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. பல பேரங்காடிகளில் பன்றி இறைச்சிப் பொருள்களுக்குத் தனிப் பகுதியும், பணம் கட்டத் தனி இடமும் இருக்கும். வீட்டிலும் அதே அக்கறை வேண்டும். முஸ்லிம் நண்பர்கள் வரும் திறந்த இல்ல உபசரிப்பில் இந்தத் தட்டை மற்ற பலகாரங்களோடு வைத்து, ஒரே இடுக்கியைப் பயன்படுத்துவது பெரிய தவறு. ஒரே ஏர் ஃபிரையரில் இதையும் கோழியையும் செய்துவிட்டு, கோழி அவர்களுக்கு என்று சொல்வதும் அப்படியே. தனி மேசை, தனிக் கரண்டி, எழுதி ஒட்டிய ஒரு சீட்டு. மாட்டிறைச்சியில் செய்தாலும் சீட்டு அவசியம். உண்ணாத அக்காவோ மாமாவோ கேட்கக் கூச்சப்பட்டு எதையுமே எடுக்காமல் போய்விடக்கூடும்.

ஹலால் பாக்கெட்டுகளில் பேக்கன் என்ற பெயர் பெரும்பாலும் இருக்காது, ஸ்டிரீக்கி பீஃப் என்பது போலத்தான் எழுதியிருப்பார்கள். கோழி, வான்கோழி வகைகளில் கொழுப்பு குறைவு என்பதால் மேலே மெல்ல எண்ணெய் தடவிச் சுடுங்கள்; பன்றியின் முறுகலை அதில் எதிர்பார்க்க வேண்டாம். சைவம் உண்பவர்களுக்கு என் முதல் தேர்வு ஃபூ சுக், அதாவது சோயாப்பால் ஆடைத் தாள். பினாங்கு லோர் பாக்கில் இறைச்சியைச் சுற்றுவது இந்தத் தாளில்தான். உப்புப் படிந்த தாளை ஈரத் துணியால் துடைத்து, நன்கு உலர்த்திய கெர்கினைச் சுருட்டி, முனையை மாவுப் பசையால் ஒட்டிப் பொரித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சுட்டதும் 5 நிமிடம் கம்பிவலையிலேயே விடுங்கள். பேக்கன் ஆறும்போதுதான் முழுதாக மொறுமொறுக்கும். உள்ளே காயும் அதுவரை நாக்கைச் சுடும் சூட்டில் இருக்கும். சூடாக இருக்கட்டும் என்று மூடி வைப்பது கடைசி நிமிடத்தில் எல்லாவற்றையும் கெடுக்கும். மழை பெய்யும் சாயங்காலத்தில் இங்கே காற்றே ஈரத்தைச் சுமந்து நிற்கிறது, மூடிக்குள் ஆவியும் சேர்ந்தால் என்ன ஆகும்? முந்தைய நாளே சுருட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் வந்த பிறகு சுடுவதுதான் சரி. மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெளி வாசலில் கூடாரம் போட்டிருந்தால் ஒரு மணி நேரமே அதிகம்.

மீந்ததை 180 டிகிரியில் 4, 5 நிமிடம் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் காயின் நீர் பேக்கனை நனைத்துவிடும். தட்டில் சேர்ந்த கொழுப்பைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், அது குழாயில் உறைந்து அடுக்குமாடிக்கே தலைவலி. வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள் நாசி கோரேங்குக்கு ஒரு கரண்டி போதும், கிச்சாப்பை (சோயா சாஸை) மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.