கோயில் மலருக்கு வரலாறு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கும்பாபிஷேகம், மாதா கோயில் விழா, கல்லூரிக் கண்காட்சி என்று ஏதாவது வந்துவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "கொஞ்சம் பாத்துக் குடுங்க சார்." ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருஷா வருஷம் ஆள் மாறுகிறதே ஒழிய, தவறு மாறுவதில்லை. ஒற்றுப்பிழை, இணையத்தில் கண்ட பத்தியை அப்படியே ஒட்டுவது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாலு புத்தகம் படித்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சேக்கிழாரை நேரில் பார்த்த சாட்சி ஆக்குவது

திருவதிகை என்றதும் எல்லாரும் எழுதும் வரி இது: பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் சமணத்தை விட்டுச் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் (பாட்னா அல்ல, நம் கடலூர்ப் பக்கத்து ஊர்) சமணப் பள்ளிகளை இடித்து அதிகையில் கோயில் கட்டினான்.

இதை ஒரே மூச்சில் எழுதக் கூடாது. இதில் மூன்று காலத்துப் பேச்சு கலந்திருக்கிறது. சூலை நோயில் துடித்து அதிகை வீரட்டானத்தில் பாடிய 'கூற்றாயினவாறு' பதிகம் அப்பர் வாக்கு, 7ஆம் நூற்றாண்டு. பள்ளிகளை இடித்த செய்தி ஐந்நூறு ஆண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்னது. அவர் அந்தப் பல்லவனை மகேந்திரவர்மன் என்று பெயர் சுட்டவில்லை. மன்னன் எடுத்த கோயிலின் பெயரான 'குணபரவீச்சரம்', மகேந்திரவர்மனின் 'குணபரன்' என்ற விருது, திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டு, இவற்றைப் பொருத்திப் பார்த்து 'இவன்தான் அவன்' என்றவர்கள் பிற்கால ஆய்வாளர்கள். முடிவு சரியாகவே இருக்கலாம். அதற்காக ஆய்வாளர் சொன்னதைச் சேக்கிழார் வாயிலும், சேக்கிழார் சொன்னதை அப்பர் வாயிலும் வைக்கலாமா?

சமணர் இங்கே இருந்ததற்குப் புராணத்தை விட்டால் சாட்சி இல்லை என்பதுபோல வேறு எழுதுகிறார்கள். 'லோகவிபாகம்' என்ற சமண நூல் இருக்கிறது. சர்வநந்தி இயற்றிய மூலம் போய்விட்டது. வடமொழி ஆக்கம் கிடைக்கிறது. மூல நூல் பாடலிகா என்ற ஊரில், சக ஆண்டு 380இல், காஞ்சிச் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது என்று அதுவே சொல்கிறது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கி.பி. 458. பாடலிகா என்பது நம் திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். அப்பருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய செய்தி. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறவர்கள் இதற்கு இரண்டு வரியாவது ஒதுக்கலாம்.

'பரகேசரி'யை மன்னன் பெயர் என்று நினைப்பது

பட்டம். சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டது. கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தியைப் படியுங்கள்.

பக்கத்து ஊர்த் தேதியை அப்படியே எடுத்துப் போடுவது

இது ஒன்றுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. கடலூரில் ஆங்கிலேயர் கையில் இருந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 1748இல் அங்கே ஒரு தேதி, இங்கே ஒரு தேதி.

கத்தோலிக்க நாடான பிரான்ஸ் 1582லேயே போப் கிரகோரியின் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. 'போப் சொல்லி நாம் கேட்பதா' என்று புராட்டஸ்டண்ட் இங்கிலாந்து பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. 1752இல்தான் வழிக்கு வந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஆக, 1700 மார்ச்சிலிருந்து 1752 வரை ஆங்கிலேயத் தேதி பதினோரு நாள் பின்தங்கி நிற்கும். அதற்கு முன், கோட்டையை மராட்டியரிடமிருந்து கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) வாங்கிய 1690 போன்ற ஆண்டுகளில், பத்து நாள். தரங்கம்பாடியின் டேனிஷ்காரர்கள் 1700இலேயே மாறிவிட்டதால், ஒரே கடற்கரையில் தெற்கே புதுக்கணக்கு, நடுவில் கடலூரில் பழங்கணக்கு, வடக்கே புதுச்சேரியில் மறுபடி புதுக்கணக்கு. கடலூர்க் கோட்டை ஆங்கிலேயர் 1748 கிறிஸ்துமஸ் கொண்டாடிய அன்று புதுச்சேரியில் 1749 ஜனவரி 5. குடில் கட்டியவர்கள் பிரிக்கிற நேரம்.

ஒரு தம்பி, கெட்டிக்காரன், வேதபுரீசுவரர் கோயில் இடிப்பைப் பற்றிக் கண்காட்சிக்குப் பலகை தயாரித்தான். 1748இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில், செப்டம்பர் மாதம் நடந்தது அது. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் விரிவாக இருக்கிறது. முற்றுகை முடிந்த நாளை மட்டும் ஓர் ஆங்கிலேய நூலிலிருந்து எடுத்தான்: அக்டோபர் 6. அப்புறம் பிள்ளையைப் புரட்டினால் அந்தத் தேதிக்குப் பிறகும் அவர் முற்றுகை நடப்பதாகவே எழுதிக்கொண்டு போகிறார். தம்பி என்ன முடிவுக்கு வந்திருப்பான்?

"அண்ணே, பிள்ளை நல்லா அளந்து விடுறாரு. சண்டை முடிஞ்சப்புறமும் சண்டைன்னு எழுதுறாரு."

அந்த வரி பலகையில் அச்சாகிவிட்டது! பிள்ளை நம்பத்தக்கவர் அல்லர், ஆகவே கோயில் இடிப்பு பற்றி அவர் சொன்னதிலும் மிகை இருக்கும் என்று ஒரு முடிவுரை வேறு. பிரெஞ்சுக் கணக்கில் முற்றுகை விலகியது அக்டோபர் 17. ஆறும் பதினொன்றும் பதினேழு. பிள்ளை ஒரு நாளும் தப்பாக எழுதவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் இரவு பலகைகளை மாற்றி அடித்தார்கள். காசு போனது பெரிதில்லை. கோயில் இடிப்புக்கு நம்மிடம் உள்ள முக்கியமான சாட்சியைப் பொய்யர் ஆக்கப் பார்த்தது.

இதற்கு மருந்து கிழமை. இரண்டு நாட்காட்டியிலும் தேதிதான் வேறு, கிழமை ஒன்றே. ஆவணத்தில் கிழமை இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். எந்தக் கணக்கு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் இரண்டு கண்ணி இருக்கிறது. பழைய ஆங்கிலேயக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. எனவே அவர்கள் '1747 பிப்ரவரி' என்று எழுதியிருந்தால் நமக்கு அது 1748. அடுத்தது, தமிழ்த் தேதியை இன்றைய தினசரிக் காலண்டரை வைத்து மாற்றுவது. இன்று சித்திரை ஏப்ரல் 14இல் பிறக்கிறது. பிள்ளை காலத்தில், புதுக்கணக்குப்படி, ஏப்ரல் 10, 11 வாக்கில் பிறந்தது. மூன்று நான்கு நாள் அங்கேயே போய்விடும்.

கடலூரில் 1740 முதல் 1758 வரை இருந்த மிஷனரி கீர்நாண்டரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கும்பினி ஊர், ஆதரவு லண்டனிலிருந்து, தொடர்பு ஜெர்மனியின் ஹாலேயோடு. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் ஒரு தேதியையும் தொடாதீர்கள்.

ஆண்டுப் பெயரோடு நிறுத்திக்கொள்வது

விபவ என்றால் 1748உம் வரும், 1808உம் வரும்.

இன்றைய கட்டடத்தைக் காட்டிப் பழைய சம்பவத்தைச் சொல்வது

1748இல் ஈசுவரன் கோயில், அதாவது வேதபுரீசுவரர் கோயில், சம்பா கோயில் என்ற மாதா கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சண்டைக்கெல்லாம் காரணமே அந்த அண்டை வீடுதான். இன்று நாம் கும்பிடுகிற வேதபுரீசுவரர் கோயில் வேறு இடத்தில் பின்னால் எழுந்தது. சம்பா கோயிலும் தப்பவில்லை. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அதையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நிற்கிற கட்டடம் 1791இல் முடிந்தது. இரண்டின் இன்றைய படத்தையும் அருகருகே போட்டு 'சம்பவம் நடந்த இடம்' என்று போடுகிறார்கள். 1748இன் கட்டடங்கள் இரண்டுமே இன்று இல்லை.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நாவலர் எழுந்து நின்றது

வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில் எழுந்த வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு வந்தது. வள்ளலார் உள்ளே வந்ததும் நீதிமன்றமே எழுந்தது, ஆறுமுக நாவலரும் எழுந்து கைகூப்பினார் என்பது அன்பர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. தாராளமாக எழுதுங்கள். 'என்று சொல்வார்கள்' என்று முடியுங்கள். நீதிமன்றப் பதிவு போல எழுதினால் எதிர்த்தரப்பு அன்பர்கள் சும்மா விடமாட்டார்கள், சொல்லிவிட்டேன்.

வடலூரில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது

வள்ளலார் தருமச்சாலை தொடங்கியது 1867 மே 23. ஞானசபை 1872 ஜனவரி 25, தைப்பூசம். அறைக்குள் போய்த் திருக்காப்பிட்டுக்கொண்டது 1874 ஜனவரி 30. அதுவும் வடலூரில் அல்ல, மேட்டுக்குப்பத்தில்.