அறக்கோட்பாட்டை மனச்சோர்வைக் கொண்டு சோதிக்கும் முறை

மனநோயாளிகளை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுத்தான் பல அறக்கோட்பாடுகள் பேசத் தொடங்குகின்றன. அவர்களை உள்ளே கொண்டுவந்தால் கோட்பாடு எதை நம்பி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். ‘மனநோய்’ என்ற பொதுப்பெயரோடு தொடங்காமல் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்வோம்.

அந்நோய் அறச்செயலின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கடும் மனச்சோர்வில் இருக்கும் தாய், பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டும் என்பதை ஐயமின்றி அறிவாள். ஆயினும் படுக்கையை விட்டு அவளால் எழ முடியாமற் போகலாம். இது கடமை என்று ஒருவர் உண்மையாகவே கருதினால் அதைச் செய்யும் உந்துதலும் கூடவே பிறக்கும் என்று கூறும் கோட்பாட்டை இவளிடம் பொருத்திப் பாருங்கள். அவள் உண்மையாகக் கருதவில்லை என்று அக்கோட்பாட்டினர் மறுமொழி கூறலாம். எழ முடியாததற்காக அவளை வாட்டும் குற்றவுணர்வு அம்மறுமொழியைப் பொய்யாக்குகிறது என்பதே என் கருத்து. நல்லதென்று மதிப்பதும் அதை நாடுவதும் பிரிந்துபோகக்கூடும் என்று மெய்யியலாளர் மைக்கேல் ஸ்டாக்கர் 1979இல் வாதிட்டபோது, இத்தகைய சோர்வு நிலைகளைத்தான் சுட்டினார்.

அரிஸ்டாட்டில் கூறும் மனவுறுதியின்மையில் இதைச் சேர்த்துவிடக் கூடாது. அங்கே ஆசை ஒருவரை வேறு பக்கம் இழுக்கிறது. இவளை இழுக்கும் ஆசை எதுவுமில்லை.

அடுத்து, ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட். துயரத்தால் மனம் இருண்டு, பிறர்மீது இரக்கமே எழாத ஒருவர், கடமை என்பதற்காக மட்டுமே உணர்வு மரத்த அந்நிலையை உதறி எழுந்து உதவுவாரானால், அச்செயலுக்கே உண்மையான அறமதிப்பு உண்டு என்று 1785இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். உணர்ச்சி வற்றிய நிலையிலும் கடமையாற்றும் நோயாளிக்கு இவ்வளவு மரியாதை தரும் கோட்பாடு அரிது. ஆனால் உதறி எழ இயலாதவரைப் பற்றி அந்த எடுத்துக்காட்டு எதுவும் கூறுவதில்லை; அந்த இடைவெளியைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதியில் பொறுப்பு. நோயுற்றவர்மீது கோபத்தையும் மனக்கசப்பையும் நிறுத்திக்கொண்டு, அவரைப் பராமரிக்கப்பட வேண்டியவராக மட்டுமே பார்க்கும் மனப்பான்மையை மெய்யியலாளர் பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் விளக்கினார். அப்பார்வையை முழு ஆளுக்கும் விரித்தால், அந்தத் தாயினுடைய சொல்லுக்கும் வாக்குறுதிக்கும் மதிப்பில்லாமல் போய்விடும். ஆகவே பழியிலிருந்து தரும் விலக்கைச் செயல்தோறும் தனித்தனியே அளந்து கொடுங்கள்: இன்று சோறூட்டாததற்கு அவளைப் பழிக்க இடமில்லை, நாளை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற முடிவில் அவளுடைய சொல்லுக்கு இடமுண்டு.