வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கீரை வளர்ப்போம்

பேரங்காடியில் அழகான படம் போட்ட உறையில் பாலக் கீரை விதை கிடைக்கும். வாங்க வேண்டாம். அது குளிர்காலப் பயிர். மண் சூடு 30 டிகிரியை நெருங்கினால் முளைப்பதே அரிது. சிங்கப்பூர் வெயிலைக் கொண்டாடி வளர்பவை முளைக்கீரையும் தண்டுக்கீரையும்தான்.

முதல் வேலை: வெயிலைப் பாருங்கள்

விதையை வாங்குவதற்கு முன் தாழ்வாரத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று கவனியுங்கள். ஐந்து மணி நேரமாவது வேண்டும். கிழக்கோ மேற்கோ பார்த்த தாழ்வாரத்தில், எதிர்ப் புளோக் மறைக்காவிட்டால், ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உண்டு. வடக்கு பார்த்ததென்றால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அந்த மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கு பார்த்த வீட்டுக்காரர்களுக்கு யோகம். நாற்று மெலிந்து நெட்டையாகிச் சாய்ந்தால் வெயில் போதவில்லை என்று பொருள். எந்த உரமும் அதைச் சரிசெய்யாது.

தொட்டிகள் போக 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும். இது தீப் பாதுகாப்பு விதி. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது.

தொட்டியும் மண்ணும்

15 முதல் 20 செ.மீ. ஆழமுள்ள அகலத் தொட்டி போதும். அடியில் துளைகள் அவசியம். இரண்டு பங்கு தொட்டி மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு. மீன் கரைசல் நல்ல உரம்தான், ஆனால் அண்டை வீட்டாரின் மூக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விதைப்பு

விதை கடுகைவிடச் சிறியது. ஒரு சிட்டிகை விதையை ஒரு பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் குவியாது. மேலே அரை செ.மீ.க்கு மிகாமல் மண் தூவி, தெளிப்பானால் நனையுங்கள். சொம்பால் ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிடும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும்.

பராமரிப்பு

காலையில் தண்ணீர் விடுங்கள். மாலையில் விட்டால் இரவெல்லாம் ஈரம் தங்கி நாற்று அழுகும். அடித்தட்டில் தேங்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டிவிடுங்கள். ஒரு வாரம் விட்டுவைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிப் பறந்துவிடும். வீட்டுக்கு அபராதமும் வந்து சேரலாம்.

நாற்று விரல் நீளம் வந்ததும் 5 செ.மீ. இடைவெளி விட்டு மற்றவற்றைப் பிடுங்குங்கள். பிடுங்கியதை எறியாமல் பருப்பில் போட்டுவிடலாம். இலைகளைச் சுருட்டிக்கொண்டு புழு உள்ளே இருந்தால் கையால் எடுப்பதே போதும். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள்.

அறுவடை

25 முதல் 30 நாளில் முளைக்கீரை தயார். தண்டுக்கீரையை வேரோடு பிடுங்காமல் 10 செ.மீ. விட்டு வெட்டினால் பக்கக் கிளைகள் விட்டு இன்னும் இரண்டு முறை தரும். பூ தலைகாட்டினால் இலை நாராகிவிடும். பிடுங்கிவிட்டு, அதே மண்ணில் ஒரு பிடி எரு கலந்து மீண்டும் விதைக்கலாம்.

வெயில் குறைந்த வீட்டுக்காரர்கள் தேக்கா சந்தையில் கொடிப்பசலைக் கட்டு வாங்கி, சமைத்தது போக இரண்டு கணு உள்ள தண்டை மண்ணில் ஊன்றிப் பார்க்கலாம். அரைநிழலிலும் அது பிடித்துக்கொள்ளும்.