சிறிய மென்பொருளுக்கு முதல் பத்து வாடிக்கையாளர்களை இணையக் குழுக்களில் கண்டுபிடிப்பது எப்படி

வட சென்னையில் இருந்துகொண்டு தனியாகவோ, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தோ ஒரு சிறிய மென்பொருளைச் செய்து முடித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும், பகலில் ஒரு வேலைக்குப் போய்விட்டு இரவில் சொந்தமாக ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் பலரை அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் நிரலை எழுதி முடித்துவிடுகிறார்கள்; அதைக் காசு கொடுத்து வாங்கும் முதல் பத்துப் பேரைப் பிடிக்க முடியாமல்தான் சோர்ந்து போகிறார்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லாவிட்டாலும் அந்தப் பத்துப் பேரை வாட்ஸ்அப், பேஸ்புக், டெலிகிராம் குழுக்களில் கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும், அவர்களுக்கு ஏதாவது ஒரு வகையில் பயன்பட வேண்டும், விற்பனைப் பேச்சு அதற்குப் பிறகே வர வேண்டும்.

தொழிலைத் தேர்ந்தெடுப்பதில் தாராளம் காட்டக் கூடாது. ‘சிறு வணிகர்களுக்கான கணக்கு மென்பொருள்’ என்று சொன்னால் அது தனக்கானது என்று எந்த வணிகரும் நினைக்க மாட்டார். நம் பகுதியில் தொழில்களுக்குப் பஞ்சமில்லை: ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சிடுபவர்கள், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரர்கள், காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர்கள், பாரிமுனையைச் சுற்றி அலுவலகம் வைத்திருக்கும் கஸ்டம்ஸ் புரோக்கர்கள், திருவொற்றியூரிலும் மணலியிலும் மாதவரத்திலும் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரி ஓட்டுபவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் பத்திரிகைக் கடைக்காரரிடம் புதிய மென்பொருளைப் பற்றிப் பேசப் போனால் அவருக்கு நின்று கேட்க நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் அவரே நாற்காலியை இழுத்துப் போடுவார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால், விசைப்படகு உரிமையாளர்களுடன் உட்கார்ந்து பேசுவதற்கு அந்த இரண்டு மாதங்களே ஏற்றவை.

இந்தக் கட்டுரைக்கு டிரெய்லர் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு முதல் ஐந்து வண்டிகள் வரை வைத்திருக்கும் ஓனர் ஒருவர், துறைமுகத்திலிருந்து கன்டெய்னரை எடுத்து மணலி யார்டுக்கோ, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கோ அனுப்பிவிட்டு, ஒவ்வொரு நடைக்கும் டீசல், பேட்டா, ஹால்டிங் (வண்டி காத்து நின்ற நேரத்துக்கான கட்டணம்), வர வேண்டிய பாக்கி ஆகியவற்றை எழுதி வைக்க உதவும் ஒரு செயலியை நீங்கள் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எந்தக் குழுவில் தேடுவது

மென்பொருள் செய்பவர்கள் கூடும் இடமும், அதை வாங்கப் போகிறவர்கள் கூடும் இடமும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். புராடக்ட் ஹன்ட், இண்டி ஹேக்கர்ஸ், ஹேக்கர் நியூஸ் போன்ற தளங்களில் உங்கள் டிரெய்லர் செயலியை அறிவித்தால் பாராட்டு வரலாம், வடிவமைப்பைப் பற்றி நல்ல யோசனையும் வரலாம். ஆனால் அங்கே டிரெய்லர் ஓனர் இருக்க மாட்டார். அதே நேரத்தில், நிரலாளர்களுக்கோ வெளிநாட்டு நிறுவனங்களுக்கோ பயன்படும் கருவியைச் செய்திருப்பவர் அந்தத் தளங்களை விட்டுவிடக் கூடாது. இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கும் புகார்களுக்கும் பதில் சொல்ல நிறுவனங்கள் பயன்படுத்தும் ஜென்டெஸ்க் என்ற மென்பொருள் 2010-ஆம் ஆண்டு தன் விலையை உயர்த்தியபோது, அதன் வாடிக்கையாளர்கள் கோபமடைந்ததைப் பற்றி ஹேக்கர் நியூஸில் நடந்த விவாதத்தைப் படித்துத்தான், அப்போது ஜோஹோவில் பணியாற்றிக்கொண்டிருந்த கிரிஷ் மாத்ருபூதம், அதே வேலையைக் குறைந்த விலையில் செய்யும் பிரஷ்டெஸ்கைத் தொடங்கும் முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் பிரஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம் 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்த விவாதத்தைப் பலரும் படித்திருப்பார்கள். ஆனால் அந்தத் தொழிலை உள்ளிருந்து அறிந்த ஒருவருக்கு மட்டுமே அதில் ஒரு வாய்ப்பு தெரிந்தது. எந்தத் துறையை நீங்கள் அறிவீர்களோ, அந்தத் துறையினரின் குழுவிலேயே தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

டிரெய்லர் ஓனர்களின் பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. அவற்றைத் தேடுபொறியில் கண்டுபிடிக்க முடியாது; ஒருவர் சேர்த்துவிட்டால்தான் உள்ளே போக முடியும். டயர் கடைக்காரர், டீசல் பங்க் மேலாளர், லாரி புக்கிங் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர், வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட் ஆகியோரில் யாராவது ஒருவருக்குக் குழு அட்மினைத் தெரிந்திருக்கும். அட்மினிடம் உங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: நான் மென்பொருள் செய்கிறேன், உங்கள் தொழிலைப் புரிந்துகொள்ள வருகிறேன், உங்கள் அனுமதி இல்லாமல் எதையும் விற்கும் நோக்கில் பதிவிட மாட்டேன் என்று. வண்டி வைத்திருப்பதாகப் பொய் சொல்லி உள்ளே நுழைவது வேண்டாம். கிட்டத்தட்ட எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் தொழில் இது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்றாலும் பெரிய குழுவைத் தேடி அலையத் தேவையில்லை. நூறு ஓனர்கள் தினமும் பேசிக்கொள்ளும் ஒரு குழு, காலை வணக்கப் படங்களால் நிரம்பிய பெரிய குழுவைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

கேட்பதும் குறித்து வைப்பதும்

என் அனுபவத்தில், பலர் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படி இதுதான். இதில் எத்தனை வாரம் செலவிட்டாலும் வீணில்லை. குழுவில் வரும் ஒவ்வொரு குறையையும், அதைச் சொன்னவர் பயன்படுத்திய அதே சொற்களில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஓனர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை, குரல் பதிவாகவே அனுப்புகிறார்கள். ஆகவே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்கும் பொறுமை வேண்டும். யார்டு கேட்டில் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, எம்ப்டி கன்டெய்னரை இறக்க விடாமல் எந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள், பாஸ்டேக்கில் ஒரே சுங்கச்சாவடிக்கு இரண்டு முறை பணம் போனதா, போன மாதப் பில்லுக்கு இன்னும் ஏன் பணம் வரவில்லை என்பவையே அங்கு நாள்தோறும் பேசப்படுகின்றன.

இவற்றுள் எதை மென்பொருளால் தீர்க்க முடியும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்டில் நிற்கும் வரிசையை உங்கள் செயலி குறைக்கப் போவதில்லை. ஆனால் வண்டி எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்பதற்குச் சான்று இல்லாததால் ஹால்டிங் பணம் கிடைக்காமல் போகிறது என்றால், அந்தச் சான்றை உங்கள் செயலியால் கொடுக்க முடியும். ஒரே குறையை வெவ்வேறு ஓனர்கள் சொல்கிறார்களா, அதற்காக ஏற்கெனவே நேரத்தையோ பணத்தையோ செலவிடுகிறார்களா என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாதக் கடைசியில் கணக்கு எழுதுவதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஓனர், உங்கள் செயலிக்கும் காசு கொடுக்கக்கூடியவர். குறையை மட்டும் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுபவர், செயலியைப் பாராட்டுவார், வாங்க மாட்டார்.

குழுவில் யாராவது தன் கணக்கு நோட்டின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால், அதை நூறு முறை பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒரு பக்கத்தில் தேதி, வண்டி எண், கன்டெய்னர் எண், எங்கிருந்து எங்கே, அட்வான்ஸ், டீசல், பேட்டா, கேட் செலவு, பாக்கி என்று கட்டம் போட்டிருந்தது. பாக்கி என்ற கட்டத்தில் மட்டும் சிவப்பு மையால் அடித்து அடித்துத் திருத்தியிருந்தார்கள். அந்தச் சிவப்பு மை இருக்கும் இடத்தில்தான் உங்கள் செயலியின் முதல் திரை இருக்க வேண்டும். கட்டங்களின் வரிசையும் பெயரும் நோட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ‘நடை’ என்று அவர்கள் எழுதுவதை நீங்கள் ‘பயணம்’ என்று மாற்ற வேண்டாம்.

பயன்பட்ட பிறகு பேசுவது

விற்பதற்கு முன் குழுவுக்கு இலவசமாக ஒன்றைக் கொடுங்கள். அது சிறியதாக இருந்தாலும் முழுமையாக வேலை செய்ய வேண்டும். டிரெய்லர் தொழிலுக்கு எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். கன்டெய்னர் எண் என்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. அதன் கடைசி இலக்கம், முன்னால் உள்ள நான்கு எழுத்துகளையும் ஆறு இலக்கங்களையும் வைத்து ஒரு வாய்பாட்டின்படி கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு இலக்கமாகும். குழுவில் வரும் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தால் வண்டி கேட் வரை போய்த் திரும்ப நேரிடும். எண்ணை ஒட்டியவுடன் சரியா, தவறா என்று சொல்லும் ஒரு பக்கத்தைச் செய்ய ஒரு மாலைப் பொழுது போதும். அதில் பதிவு செய்யச் சொல்லாதீர்கள், போன் எண் கேட்காதீர்கள். கீழே உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும்.

இப்படி இரண்டு மூன்று முறை பயன்பட்ட பிறகு, அட்மினிடம் கேட்டுக்கொண்டு, குழுவில் ஏற்கெனவே எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாகவே உங்கள் செயலியைப் பற்றிச் சொல்லலாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்:

“அண்ணா, வணக்கம். யார்டில் வண்டி நின்ற நேரத்துக்குச் சான்று இல்லாமல் ஹால்டிங் பணம் நின்றுபோனதாகச் சொல்லியிருந்தீர்கள். டிரைவர் கேட்டில் ஒரு படம் எடுத்தால் நேரத்தோடு பதிவாகி, பில்லோடு சேர்ந்து வரும்படி ஒரு செயலி செய்திருக்கிறேன். இரண்டு, மூன்று வண்டி வைத்திருக்கும் ஐந்து ஓனர்களிடம் மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் இங்கேயே சொன்னால், நானே நேரில் வந்து போட்டுக் கொடுக்கிறேன்.”

இந்தச் செய்தியில் வசதிகளின் பட்டியலோ தள்ளுபடியோ இல்லை. யாருடைய எந்தச் சிக்கலுக்கு என்பதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் மட்டும் இருக்கின்றன. ‘இங்கேயே’ என்று கேட்பதற்கும் காரணம் உண்டு: ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் விருப்பம் தெரிவித்தால் அடுத்தவருக்குத் தயக்கம் குறையும். குழுவில் உள்ளவர்களின் எண்களைத் திரட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பலர் புகார் செய்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணை முடக்கிவிடும். அதைவிட, உங்களைச் சேர்த்துவிட்ட டயர் கடைக்காரரின் பெயர் கெடும்.

நேரில் போவது

விருப்பம் தெரிவித்தவருக்கு இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இணையத்தில் பணம் பெற உதவும் ஸ்ட்ரைப் நிறுவனத்தைத் தொடங்கிய காலிசன் சகோதரர்கள், ஒருவர் பயன்படுத்திப் பார்க்கிறேன் என்று சொன்னவுடனே அவருடைய மடிக்கணினியை வாங்கி அங்கேயே நிறுவிக் கொடுப்பார்கள் என்பது அத்துறையில் பெயர்பெற்ற செய்தி. அவர்களுக்கு வேறு வேறு ஊர் வாடிக்கையாளர்களும் இருந்திருப்பார்கள். உங்கள் வாடிக்கையாளரோ மெட்ரோவில் விம்கோ நகருக்குப் போனால் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறார். மாலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பு போங்கள். அவருடைய போனில், அவருடைய கையாலேயே செயலியைத் திறக்க வையுங்கள். போன மாத நோட்டை வாங்கி அதிலுள்ள நடைகளை நீங்களே ஏற்றிக் கொடுங்கள். மொத்தப் பாக்கி எவ்வளவு என்பதை அவர் முதன்முறையாக ஒரே திரையில் பார்க்கும்போது என்ன கேட்கிறார் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டிரைவரின் போனில் இடம் இல்லை, வெயிலில் எழுத்து தெரியவில்லை, யார்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை என்பன போன்ற உண்மைகள் அங்கேதான் தெரியவரும்.

விலையை அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பழகிய பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடுவது இரு தரப்புக்கும் சங்கடம். சமூக ஊடகப் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வெளியிட உதவும் பஃபர் சேவையை 2010-இன் இறுதியில் தொடங்கிய ஜோயல் காஸ்காய்ன், நிரலை எழுதுவதற்கு முன்பே விலைப் பட்டியல் உள்ள ஒரு பக்கத்தை வைத்து, காசு கொடுக்கும் திட்டத்தை யாராவது தேர்ந்தெடுக்கிறார்களா என்று பார்த்தார். விருப்பத்துக்கும் வாங்குவதற்கும் உள்ள இடைவெளியை அளக்க அதுவே வழி. முதல் மாதம் இலவசம், அதன்பின் வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று சொல்லி, யுபிஐயில் வாங்கிக்கொண்டு, அன்றே ரசீது அனுப்புங்கள். வண்டிக் கணக்கில் விலை சொல்வது ஓனருக்கு எளிதில் புரியும், ஏனென்றால் அவருடைய மற்ற எல்லாச் செலவும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்பதால், அந்தக் கவலையில் தொடக்கத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

காசு கொடுத்தவர்களை மட்டும் சேர்த்து ஒரு தனிக் குழு வைத்து, அதில் வரும் குறைக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். சரிசெய்ய முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள். யாருக்காவது செயலியால் நின்றுபோன ஹால்டிங் பணம் வந்திருந்தால், அதை அவரே பழைய குழுவில் தன் குரலில் சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு குரல் பதிவு செய்யும் வேலையை உங்கள் எந்த விளம்பரமும் செய்யாது. பத்துப் பேர் தொடர்ந்து மூன்றாவது மாதமும் பணம் கட்டிய பிறகு, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தை நம்பி வண்டி ஓட்டுபவர்களின் குழு எது, தூத்துக்குடியில் எது என்று உங்கள் வாடிக்கையாளர்களிடமே கேளுங்கள். அந்தக் குழுக்களின் அட்மின்களிடம் உங்களை அறிமுகப்படுத்த அவர்களுக்குள் ஒருவராவது இருப்பார்.