வீட்டு ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன்: அளவு, எழுத்து, பணம்

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய டவுன்களில் கூரைக்கும் குழாய்க்கும் வருபவர் பெரும்பாலும் தெரிந்த முகம்தான். தெரிந்தவர் என்பதாலேயே விலையை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறோம். "கூரை ஒழுகுது, வந்து பாருங்கண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எவ்வளவு வேலை என்பதை அவரே முடிவு செய்கிறார், விலையும் அவரே போடுகிறார். பழுது எங்கே, எத்தனை அடி, எந்தப் பொருள் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

1. முதலில் நீங்களே பாருங்கள்

சீலிங் இல்லாத அடுப்பங்கரைக் கூரை ஒழுகினால், உச்சி வெயிலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை போல் வெளிச்சம் தெரிகிற இடம்தான் ஓட்டை. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே அதைத் தேடாதீர்கள். தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கமாகச் சரிவில் ஓடிவந்து, சட்டத்தில் முட்டி, அங்கே சொட்டும். ஓட்டை அதற்கு மேட்டுப் பக்கம் இருக்கும்.

பல வீடுகளில் தகரம் நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் உள்ள ரப்பர் வாஷர்தான் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அதற்கு ஸ்க்ரூவை மாற்றினால் போதும். பாதிக் கூரையைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், துரு தின்ற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழைய தோட்ட வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

தண்ணீர் பில் திடீரென ஏறினால், எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டி நிரம்பும் வரை காத்திருந்து, பிறகு மீட்டரை அரை மணி நேரம் கவனியுங்கள். முள் நகர்ந்தால், தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடிப் பாருங்கள். முள் நின்றுவிட்டால் கோளாறு அந்த வால்வுக்கு அப்பால், பெரும்பாலும் மிதவையில். அதற்குப் பிறகும் ஓடினால் கசிவு வால்வுக்கு முன்னால், மண்ணுக்கடியிலோ சுவருக்குள்ளோ போகும் பைப்பில். இது தெரியாமல் ஆளைக் கூப்பிட்டால் தரையை உடைக்கிற பேச்சு முதலில் வரும்.

மின்சாரம் அடிக்கடி விழுந்தால், டிபி பெட்டியின் (வீட்டு மின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) மூடியைக் கழற்றாமல், சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) மேலே ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பகுதியில் கோளாறு. அங்கே செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். விழாமல் நின்றால் கெட்டிலோ பழைய பிரிட்ஜோதான் காரணம், வயரிங் அல்ல. எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்சிசிபி நிற்கவில்லையா? உடனே பெட்டியை மாற்றச் சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தைத் தொட்டாலும் இப்படி விழும், ஏனென்றால் சின்ன சுவிட்ச் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கிறது. இதைச் சோதிக்க, சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையம்) தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன் வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2. அளவை எழுதி, கடைக்குப் போங்கள்

கூரை 20 அடி அகலம், சரிவு விளிம்போடு சேர்த்து 12 அடி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மெட்டல் டெக்கிங் தகரம் ஒன்று, பக்கத்துத் தகரத்தோடு மேலேறும் பகுதி போக, சுமார் 2.5 அடி மூடும். ஆக 8 தகரம், மொத்தம் 96 அடி நீளம். இந்த 96 அடியை ஹார்ட்வேர் கடையில் சொல்லி அடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பொருள் விலை உங்கள் கைக்கு வந்துவிட்டது.

தடிமனை விட்டுவிடாதீர்கள். அதிகம் ஏமாறுவது இங்கேதான். 0.42 என்று பேசி 0.30 போடுவது கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு குழப்பமும் உண்டு: வெறும் இரும்பு 0.42 மி.மீ. என்றால், பூச்சோடு அளந்தால் ஏறக்குறைய 0.48 வரும். "பூச்சோடா, பூச்சில்லாமலா?" என்று கேட்டாலே, விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரியும். தகரம் வந்து இறங்கியதும் வெட்டிய ஓரத்தில் காலிப்பரை வைத்து அளந்துவிடுங்கள். கூரை ஏறிய பிறகு அளக்க முடியாது.

3. விலையை எழுத்தில் வாங்குங்கள்

மூன்று பேரிடம் இதே அளவைச் சொல்லிக் கேளுங்கள். ஆளுக்கொரு அளவு சொன்னால் விலைகளை ஒப்பிட முடியாது. பொருள் தனி, கூலி தனி என்று பிரித்துக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் புலனத்தில் (வாட்ஸ்அப்) இப்படி அனுப்பலாம்:

"அண்ணே, வீட்டுல கணக்கு எழுதணும். 8 தகரம், என்ன தடிமன், ஸ்க்ரூ எத்தனை, கூலி எவ்வளவு, எத்தனை நாள், பழைய தகரத்தை யார் எடுத்துப் போவது, இதை மட்டும் போட்டு அனுப்பிடுங்க. கம்பெனி பேர், முகவரியும் சேர்த்துப் போடுங்க."

தூரத்திலிருந்து வருபவர் என்றால், வந்து பார்க்கும் கூலி உண்டா, வேலை கொடுத்தால் அதைக் கழிப்பாரா என்றும் கேளுங்கள். கூலியை மட்டும் அடித்துப் பேசாதீர்கள். அதில் குறைத்தது பொருளில் போய்விடும், வேலை செய்கிறவருக்கும் அது நியாயமில்லை.

4. பணம்

முன்பணம் பொருள் விலையைத் தாண்டக்கூடாது. முடிந்தால் நீங்களே கடைக்குக் கட்டி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூலியில் ஒரு பங்கை, பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாகத் தொடக்கத்திலேயே பேசுங்கள். வேலை முடிந்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும். இடையில் "இன்னொரு இடமும் போயிருக்கு" என்றால், படம் எடுத்து, விலையை எழுதி அனுப்பிய பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய வால்வு, சுவிட்ச் எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

5. சோதனை

மழைக்குக் காத்திருக்காமல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விடுங்கள். கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நிறுத்தி, மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. ஸ்க்ரூ தகரத்தின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்திருந்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை போட்டதாகிவிடும். வாஷர் பிதுங்கி நசுங்கும் அளவுக்கு முறுக்கியிருந்தாலும் சீக்கிரம் ஒழுகும்.

6. பேச்சு முறிந்தால்

மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். புலனத்தில் அவற்றைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.