வாவியில் படகுக் குடித்தனம்: சில விசயங்கள்

பென்சன் எடுத்துவிட்டு மட்டக்களப்பு வாவியில் படகில் தங்க ஆசையா? முதலில் இடம் பாருங்கள். முகத்துவாரத்துக்குக் கிட்ட நங்கூரம் போடவேண்டாம். மாரியில் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் திட்டை வெட்டித் திறந்ததும் வாவித் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடும்; மட்டம் இறங்கிப் படகு சேற்றில் சாய்ந்துவிடும். நங்கூரக் கயிற்றை ஆழத்தைப் போல 5 மடங்காவது விடுங்கள், வாடைக்காற்று அடித்தால் 7. விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் சுற்றுங்கள். எங்கள் கயிற்றை மனுசி அடிக்கடி விரலால் தடவிப் பார்ப்பா. நூல் பிரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றம்தான், என் சாக்குப்போக்கு எடுபடாது.

காஸ் சிலிண்டரை உள்ளே வைக்கவே கூடாது. காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு தீக்குச்சி போதும். மேல்தட்டில் வையுங்கள்; சமைத்து முடிந்ததும் அடுப்பை மட்டுமல்ல, சிலிண்டரையும் பூட்டுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கரையிலிருந்து கலனில்தான் வரவேண்டும். சட்டி கழுவ வாவித் தண்ணீர் போதும் என்பது என் கட்சி, மனுசி ஒத்துக்கொள்ள மாட்டா.

அப்புறம் நுளம்பு வலை. பொழுதுபட முன்னமே இறக்குங்கள். கண்டல் மரக் காட்டுப் பக்கம் நின்றால் இன்னும் வேளைக்கே.